ஒரே தட்டு

விண்டோஸுக்கு இருநூற்றறுபது ஜிபி,
லினக்ஸுக்கு நூற்றறுபது,
இரண்டுக்கும் பொதுவாய் நாற்பது.
மிச்சம் பதினாறு சொச்சத்தை
எதற்கும் இருக்கட்டும் என்று
தரிசாய் விட்டான் ஜெமால்.
மின்கட்டண ரசீதின் முதுகில்
பென்சிலால் கோடு கிழித்து
எங்கள் பாகப்பிரிவினை முடிந்தது.
பத்தூமியில் அன்று மழை. வேறென்ன.

"உன் பக்கம் கொஞ்சம் சுருங்கும்,
கோப்பு எதுவும் போகாது" என்றான்.
பேட்டரி செத்த லேப்டாப்.
சுருக்கி நகர்த்த ஒன்றேகால் மணி நேரம்.
காசு போட்டால் ஏறும் எங்கள் கட்டட லிப்ட்
முனகிய ஒவ்வொரு முறையும்
விளக்கு மங்குகிறதா என்று
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஓட்டல் கணக்கு.
அந்த மென்பொருள் விண்டோஸ் தவிர
வேறு வாசலில் செருப்பைக் கழற்றாது.
அவனுக்குப் பால்கனியில் ஒரு ஆன்டெனா,
வானிலைச் செயற்கைக்கோள்
கருங்கடலைத் தாண்டும் பன்னிரண்டு நிமிடம்,
வரிவரியாய் இறங்கும் மேகம்.
இரவில் துறைமுக வேலை.
எட்டு மணிக்குப் போனால் விடிந்துதான் வருவான்.

ஓர் உறையில் இரண்டு வாளா
என்று சிரித்தாள் அவன் அக்கா நானுலி.
வாள் இல்லை நானுலி.
ஒன்று எழுந்தால் மற்றது
தூங்குவதுகூட இல்லை.
இல்லை, அவ்வளவுதான்.
எழும்முன் ஒரு கறுப்புத் திரை,
இரண்டு வரி,
பத்து நொடி அவகாசம்.

அக்டோபரில்
நானுலிக்குக் கொடுத்த கடன் பற்றிச் சண்டை.
அன்றிரவு பெரிய அப்டேட் ஒன்று வந்து போனது.
மறுநாள் கறுப்புத் திரை வரவில்லை.
நேராக என் நீலம்.
அவனுடைய வரியைக் காணோம்.
அழித்துவிட்டாயா என்று அவன் கேட்கவில்லை.
ஆன்டெனாவைக் கழற்றி
அலமாரி மேல் வைத்தான்.
கேட்காத கேள்விக்கு
நான் என்னவென்று பதில் சொல்ல?
மூன்று நாள்
பொது நாற்பதில்கூட
யாரும் எதையும் வைக்கவில்லை.

நான்காம் நாள் பென் டிரைவிலிருந்து
வேறொரு லினக்ஸை எழுப்பி உள்ளே பார்த்தான்.
எல்லாம் இருந்தது.
தேதிவாரியாய் மேகங்கள்,
ஆகஸ்ட் புயல்,
ஒன்பது முறை தோற்ற ஒரு செப்டம்பர் மதியம்.
அப்டேட் சுவர் எதையும் இடிக்கவில்லை.
வரிசையில் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டு
பின்னால் நிற்பவனைப் பற்றி
வாய் திறக்காமல் இருந்திருக்கிறது.

சமையலறைக்கு வந்தான்.
நான் பாதியில் விட்ட உருளைக்கிழங்கை
எடுத்துச் சீவத் தொடங்கினான்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"உன்னுடையது முழுசாய் அணைவதே இல்லை, லமாரா" என்றான்.
"அணைந்த மாதிரி படுத்துக்கொண்டு
பாதி நினைவைப் பிடித்து வைத்திருக்கிறது.
அதுவரை என் பக்கத்திலிருந்து
வாசிக்கலாம். எழுத முடியாது.
அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடு."
நிறுத்துகிறேன் என்றேன்.
விண்டோஸைப் பற்றித்தான் பேசினான்
என்று நினைக்கிறேன்.

"கடிகாரத்தையும் சரிசெய்துவிடவா?
ஒரு வரி எழுதினால் போதும்."

லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் குறித்து வைக்கும்.
விண்டோஸ் அதை ஊர் நேரமென்று நம்பிவிடும்.
இங்கே இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம்.
எனக்குப் பின் அவன் விடிகாலை ஆறுக்குத் திறந்தால்
அவன் திரையில் பத்து:
நான் ஓட்டலுக்குப் போய்விட்டிருப்பேன்,
அடுத்த அறையில் குறட்டை விட்டபடியே.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
ஏன் என்று கேட்டான்.
கிழங்கு கருகுகிறது என்றேன்.

அவன் போனபின், பத்து மணிக்கு,
நான் திறக்கும்போது மூலையில் மணி ஆறு.
இணையம் வந்து திருத்தும்வரை
ஒரு நிமிடமோ இரண்டோ
ஜெமால் இன்னும் கிளம்பவில்லை.
கட்டிலுக்கடியில் குனிந்து
ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருக்கிறான்.